கொரியப் பல்கலைக்கழகத்தில் கொரிய மொழி படிக்க: பாடநூலிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

சியோலின் சின்சோன் பகுதியில் இருக்கும் யோன்செய் பல்கலைக்கழகம் 1959இல் வெளிநாட்டவருக்கென்று ஒரு கொரிய மொழிப் பள்ளியைத் தொடங்கியது. இன்று சியோல் தேசியப் பல்கலை, சோகாங், ஈஹ்வா, கொரியா பல்கலை, கியோங்ஹீ என்று பெரிய பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு பள்ளி இருக்கிறது. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாகப் பாடநூல் வரிசையும் உண்டு.

சேர நினைப்பவர்கள் வழக்கமாகப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்கிறார்கள், கட்டணத்தைப் பார்க்கிறார்கள், யூடியூபில் வளாகத்தின் செர்ரிப் பூக்களைப் பார்க்கிறார்கள். பாடநூலை வகுப்பு தொடங்கும் வாரத்தில்தான் கையில் எடுக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள் என்பதுதான் என் யோசனை. ஒரு பள்ளி உங்களை எப்படிப் பழக்கப்போகிறது என்பது அதன் பாடநூலில் அப்படியே தெரியும்.

இது என்ன மாதிரிப் படிப்பு

ஒரு பருவம் என்பது 10 வாரம். வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 4 மணி நேரம், ஆக 200 மணி நேரம். பெரிய பள்ளிகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் நடக்கின்றன. பருவங்கள் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் தொடங்கும். மொத்தம் 6 நிலைகள். ஒரு பருவத்துக்கு ஒரு நிலை. எங்கும் தோற்காமல் போனால் ஒன்றரை ஆண்டில் முடிந்துவிடும். பட்டம் கிடையாது, சான்றிதழ் மட்டும்தான்.

ஆறு நிலையும் எல்லாருக்கும் தேவையில்லை. கொரியாவில் பட்டப்படிப்புக்குப் போகிறவர் பெரும்பாலும் 3 அல்லது 4ஆம் நிலைத் தகுதியைக் காட்ட வேண்டியிருக்கும். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் உள்ள கொரிய நிறுவனங்களில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்க நினைப்பவருக்கு 4ஆம் நிலை ஒரு நல்ல அடித்தளம். நாடகமும் பாட்டும் இழுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு 2ஆம் நிலையே நிறைய சந்தோஷம் தரும். எங்கே நிறுத்தப்போகிறோம் என்பதைக் கிளம்பும் முன்பே ஓரளவு முடிவு செய்துகொண்டால் பணக் கணக்குப் போட வசதியாக இருக்கும்.

கிளம்பும் முன்: எழுத்தும் ஒலியும்

ஹங்குல் எழுத்துகளை ஊரிலேயே முடித்துவிட்டுப் போங்கள். அரசர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட எழுத்துமுறை இது. அடிப்படை எழுத்துகள் 24தான். கூட்டெழுத்துகளையும் சேர்த்தால் 40. வகுப்பில் இதற்கு முதல் சில நாள்தான் ஒதுக்குவார்கள். அதற்குப் பிறகு கரும்பலகையில் ஆங்கில எழுத்தே வராது. ஆங்கில எழுத்தில் கொரியன் எழுதிப் பழகியவர்கள்தான் முதல் வாரத்தில் அதிகம் திணறுகிறவர்கள்.

ஒலி விஷயத்தில் தமிழருக்குச் சில சலுகைகள் உண்டு. தமிழில் 'க' என்ற ஒரே எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு மாதிரியும், மெல்லினத்துக்குப் பிறகு வேறு மாதிரியும் ஒலிக்கிறது இல்லையா? கொரிய மொழியின் சாதாரண க, த, ப, ஜ ஒலிகளும் அப்படித்தான். இடத்தைப் பார்த்து ஒலி தானாக மாறும். இரட்டை எழுத்துகளின் இறுக்கமான ஒலிக்கு 'பக்கம்', 'பட்டம்' என்று சொல்லும்போது வரும் வல்லின அழுத்தம் நல்ல தொடக்கம். 'பாட்டு', 'காசு' என்ற சொற்களின் கடைசியில் உதட்டைக் குவிக்காமல் சொல்கிறோமே, அந்தக் குற்றியலுகரம் கொரிய உயிரெழுத்துகளில் ஒன்றுக்கு மிக நெருக்கம். ஆங்கிலேயர்கள் அதைப் பிடிக்க வெகுநேரம் முயல்வார்கள்; நமக்கு அது ஏற்கெனவே வாயில் இருக்கிறது.

சிரமம் வேறு இரண்டு இடங்களில். ஒன்று, மூச்சை வெளியே தள்ளிச் சொல்லும் க, த, ப, ச. தமிழில் இந்த வேறுபாடே இல்லாததால் காது அதைத் தவறவிடும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து, காற்று படுகிறதா என்று பார்த்துப் பழகுங்கள். இரண்டு, ஒகரம் போல் கேட்கும் இரு உயிர்கள். ஒன்றுக்கு உதடு குவியும், மற்றதற்கு வாய் திறந்து தளர்வாக இருக்கும். இதைத் தொடக்கத்திலேயே பிரித்துக் கேட்கப் பழகாவிட்டால் பிறகு சொல் எழுதும் ஒவ்வொரு முறையும் பிழை வரும்.

எழுதுவது ஒன்று, ஒலிப்பது ஒன்று என்று கொரியனில் வரும் மாற்றங்களைப் பார்த்து அஞ்சாதீர்கள். அடுத்து மெல்லினம் வந்தால் முன்னால் உள்ள ககரம் ஙகரமாகவும், பகரம் மகரமாகவும் மூக்கொலி பெறும். கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆகிறதே, அதே சங்கதிதான். புணர்ச்சி படித்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

பாடநூல்களைப் புரட்டிப் பாருங்கள்

வழக்கமாக ஒரு நிலைக்கு இரண்டு தொகுதிகள் இருக்கும். கூடவே பயிற்சி நூல்கள். நூல் விலை பெரும்பாலும் கட்டணத்தில் அடங்காது; ஒன்று சுமார் 20,000 முதல் 30,000 வோன் வரை. சியோலில் இருந்தால் குவாங்ஹ்வாமுன் பகுதியில் உள்ள கியோபோ புத்தகக் கடைக்குப் போய் எல்லா வரிசைகளையும் நின்றுகொண்டே புரட்டலாம். ஊரிலிருந்து பார்ப்பவர்கள் இணையக் கடைகளின் மாதிரிப் பக்கங்களைப் பாருங்கள். ஆங்கிலப் பதிப்பா என்று கவனித்து வாங்குங்கள். தொடக்க நிலை நூல்கள் சில ஜப்பானிய, சீன விளக்கத்துடனும் வருகின்றன; அட்டை ஒரே மாதிரி இருக்கும்.

சோகாங் பல்கலை வரிசை பேச்சை மையமாக வைத்தது. அந்தப் பள்ளி பெயர் பெற்றதே மாணவர்களைப் பேச வைப்பதற்குத்தான். சின்னச் சின்ன உரையாடல், இருவர் சேர்ந்து செய்யும் பயிற்சி, படம் பார்த்துச் சொல்வது என்று பக்கங்கள் லேசாக இருக்கும். இலக்கண விளக்கம் தனிச் சிறு நூலாக வரும். அந்தச் சிறு நூல் இல்லாமல் பாடநூலை மட்டும் வாங்கித் தனியாகப் படிக்க முயன்றால் பாதிப் பக்கம் வெறுமையாகத் தோன்றும், ஏனென்றால் அதை நிரப்ப வேண்டியவர் எதிரே இருக்கும் ஆசிரியர். கூச்சம் உள்ளவர்கள், எழுத்தில் நன்றாக இருந்தும் வாய் திறக்காதவர்கள் இங்கே போவது நல்லது.

யோன்செய் வரிசை நேர் எதிர்க் குணம். உரையாடல், சொற்கள், இலக்கணம், பயிற்சி என்று அடுக்கிக்கொண்டே போகும். புதிய வரிசையில் சொல்லும் இலக்கணமும் ஒரு நூல், கேட்பதும் வாசிப்பதும் ஒரு நூல், பேசுவதும் எழுதுவதும் ஒரு நூல் என்று பிரித்திருக்கிறார்கள். எழுத்துத் தேர்வுக்கும் மேற்படிப்புக்கும் போகிறவர்களுக்கு இந்த இறுக்கம் உதவும். கொஞ்சம் சலிப்பூட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சியோல் தேசியப் பல்கலை வரிசை இரண்டுக்கும் நடுவில். சொல், இலக்கணம், பேச்சு, கேட்டல், வாசிப்பு, எழுத்து எல்லாம் ஒரே நூலுக்குள் சரியான அளவில் அமைந்திருக்கும், பயிற்சி நூலும் பருமன். தனியாகப் படிக்கிறவர் ஒரே ஒரு வரிசைதான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஈஹ்வா வரிசை அன்றாடச் சூழ்நிலைகளை ஒட்டிப் போகும். ஈஹ்வா பெண்கள் பல்கலைக்கழகம் என்றாலும் அதன் மொழி மையத்தில் ஆண்களும் படிக்கலாம்.

ஒரு வரிசையில் தொடங்கினால் குறைந்தது 2ஆம் நிலை முடியும் வரை அதிலேயே இருங்கள். மூன்று வரிசைகளின் முதல் நூலை மட்டும் அலமாரியில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

பெரிய செலவு செய்யும் முன் சோதித்துப் பார்க்க வழிகள் உண்டு. யோன்செய் பல்கலை கோர்சேரா என்ற இணையப் பாடத் தளத்தில் தொடக்கநிலைப் பாடம் வைத்திருக்கிறது. சோகாங்குக்கும் பல வருடங்களாக இணையப் பாடம் உண்டு. சென்னையில் இருப்பவர்கள் 2006இலிருந்து இயங்கும் இந்திய-கொரியப் பண்பாட்டு மையமான இன்கோ மையத்தில் நேரடி வகுப்பில் சேரலாம். அகராதிக்கு, கொரியாவின் தேசிய மொழி நிறுவனம் கற்பவர்களுக்கென்றே நடத்தும் இணைய அகராதி போதும்.

ஆங்கில விளக்கத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தமிழில் யோசியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பாடநூல்களின் இலக்கணக் குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலத்துக்குக் கொரிய வாக்கியம் தலைகீழ். அதனால் அந்தக் குறிப்புகள் சுற்றி வளைத்துப் பேசும். நமக்கு அந்தச் சுற்று தேவையில்லை. எழுவாய், செயப்படுபொருள், வினை என்ற வரிசை ஒன்றுதான். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால்தான். 'நான் படித்த புத்தகம்' என்பதைக் கொரியனில் 'நேகா இல்குன் சேக்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ஆங்கில நூல் இதற்கு ஒரு பக்கம் விளக்கம் எழுதும். தமிழருக்கு 'இது பெயரெச்சம்' என்ற ஒரு வரி போதும்.

துணைவினைகளில் இன்னும் சுவாரஸ்யம். 'சாப்பிட்டுப் பார்' என்று நாம் சொல்வது போலவே அவர்களும் 'சாப்பிடு' வினையோடு 'பார்' வினையைச் சேர்த்துத்தான் முயன்று பார்ப்பதைச் சொல்கிறார்கள். 'செய்து கொடு' என்பதற்கும் கொடுத்தல் வினைதான். 'எழுதி வை' என்பதற்கு வைத்தல் வினை. 'மறந்துவிட்டேன்' என்பதில் வரும் 'விடு' இருக்கும் இடத்தில் அவர்கள் தூக்கி எறிவதைக் குறிக்கும் வினையைப் போடுகிறார்கள். 'படித்துக்கொண்டிருக்கிறேன்' என்பதன் கடைசியில் நமக்கு 'இரு', அவர்களுக்கும் 'இரு'. நோட்டில் இரண்டு பத்தி போட்டு, ஒரு பக்கம் கொரிய அமைப்பு, மறுபக்கம் தமிழ் அமைப்பு என்று எழுதிக்கொண்டே வாருங்கள். 2ஆம் நிலை முடிவதற்குள் அந்த நோட்டு உங்கள் சொந்த இலக்கண நூலாகிவிடும்.

மரியாதை வடிவம் பலரையும் பயமுறுத்தும். அதில் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்கான மரியாதை ஒன்று. 'அப்பா வந்தார்' என்பதில் உள்ள 'ஆர்' அந்த வகை, கொரியனில் அது வினைக்குள் வரும் 'சி'. யாரிடம் பேசுகிறோமோ அவருக்கான மரியாதை இன்னொன்று; அதுதான் வாக்கியத்தின் கடைசியில் வரும் 'யோ'. 'ஆமாங்க', 'நான் வரேங்க' என்பதில் வரும் 'ங்க' செய்கிற வேலையை அந்த 'யோ' செய்கிறது. கொங்குப் பக்கத்துக்காரர்கள் இதைப் படிக்கவே வேண்டாம், பிறவியிலேயே தெரியும். முதல் வகையைத் தனக்கே போட்டுக்கொள்ளக் கூடாது என்பது மட்டும் கவனம்.

தமிழ் கைவிடும் இடமும் உண்டு. நமக்கு முதல் வேற்றுமைக்கு உருபே கிடையாது. கொரியனிலோ எழுவாயோடு 'இ' அல்லது 'கா' வரும், பேசுபொருளாக்கினால் 'உன்' அல்லது 'நுன்' வரும். எதை எப்போது போடுவது என்று 4ஆம் நிலையிலும் குழம்புவார்கள். ஓரளவு கைகொடுக்கும் ஒரு வழி: 'யார் வந்தது?' 'தம்பிதான் வந்தான்' என்று பதில் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் 'இ/கா'. 'அண்ணன் வந்தான், தம்பியோ வரவில்லை' என்று பிரித்துக் காட்டும் இடத்தில் 'உன்/நுன்'. முழு விடை இது இல்லை, ஆனால் தொடக்கத்துக்குப் போதும்.

மாறாக, வினைமுற்றில் திணை, பால், எண், இடம் எதுவும் கிடையாது. வந்தேன், வந்தாய், வந்தாள் எல்லாம் ஒரே வடிவம். இது பெரிய நிம்மதி.

அம்மா, அப்பா என்று இரு மொழிக்கும் பொதுவான சொற்களின் பட்டியல் வாட்ஸாப்பில் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. உறவோ இல்லையோ, வகுப்பில் உங்களுக்குச் சோறு போடுவது அந்தச் சொற்பட்டியல் இல்லை, வாக்கிய அமைப்புதான்.

விண்ணப்பம், விசா, பணம்

பருவம் தொடங்குவதற்குக் குறைந்தது மூன்று, நான்கு மாதம் முன்பே விண்ணப்ப வேலையைத் தொடங்குங்கள். பள்ளியில் இடம் கிடைத்து, கட்டணம் கட்டி, அனுமதிக் கடிதம் வந்த பிறகுதான் விசா. மொழிப் படிப்புக்கான விசா டி-4-1, பட்டப்படிப்புக்கானது டி-2. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கடைசியாகப் படித்த படிப்பின் சான்றிதழுக்கு இந்தியர்கள் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அரசுச் சான்று) வாங்க வேண்டும். வங்கி இருப்பு சுமார் 1 கோடி வோன் அளவுக்குக் காட்டச் சொல்வார்கள். பள்ளிக்குப் பள்ளி, காலத்துக்குக் காலம் மாறும் என்பதால் அந்தப் பருவத்து அறிவிப்பையே நம்புங்கள். இந்தியா, இலங்கை இரண்டும் காசநோய்ச் சான்றிதழ் கேட்கும் பட்டியலில் இருப்பதால் அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சென்னையிலேயே கொரியத் துணைத்தூதரகம் இருப்பது வசதி.

சியோலின் பெரிய பள்ளிகளில் ஒரு பருவக் கட்டணம் சுமார் 17 முதல் 20 லட்சம் வோன். வெளி மாநகரங்களில் குறைவு. தங்குவதற்குக் கோஷிவோன் என்ற சின்ன அறை மாதம் சுமார் 4 முதல் 6 லட்சம் வோனுக்குக் கிடைக்கும். முன்பணம் பெரிதாக இருக்காது. பல கோஷிவோன்களில் சோறும் கிம்ச்சியும் இலவசம். ஆனால் சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேர்ந்திருக்கும். சமைக்க அடுப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அறையை எடுங்கள்.

போய்ச் சேர்ந்த 90 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவைச் செய்ய வேண்டும். பகுதிநேர வேலை முதல் 6 மாதத்துக்குக் கிடையாது. அதற்குப் பிறகும் அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும். ஆகவே முதல் இரண்டு பருவச் செலவு முழுவதும் கையில் இருக்க வேண்டும். 'போய் வேலை பார்த்துக் கட்டிக்கொள்ளலாம்' என்று சொல்லும் முகவரை நம்ப வேண்டாம்.

நிலைத் தேர்வு

ஹங்குல் மட்டும் தெரிந்தவர் நேராக 1ஆம் நிலை. மற்றவர்களை எந்த நிலையில் சேர்ப்பது என்று முடிவு செய்ய எழுத்துத் தேர்வும் சின்ன நேர்காணலும் இருக்கும். ஒரு நிலை தாண்டினால் ஒரு பருவக் கட்டணம் மிச்சம் என்று கணக்குப் போட்டு, கேள்வித்தாளுக்கென்றே தயாராகிப் போகிறவர்கள் உண்டு. வேண்டாம். இயலாத வகுப்பில் உட்கார்ந்து தோற்றால் அந்த நிலையையே மறுபடியும் படிக்க வேண்டும். மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும். முதல் சில நாளில் வகுப்பு ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் உடனே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். நாள் ஆக ஆக மாற்றுவது கடினம்.

பத்து வாரமும் எப்படி ஓட்டுவது

வகுப்பு முழுக்கக் கொரிய மொழியில்தான், முதல் நாளிலிருந்தே. ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், 'சொன்செங்நிம்' என்பார்கள். வகுப்பில் பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள். ஒளிந்துகொள்ளப் பின்வரிசை கிடையாது.

முந்தைய இரவே மறுநாள் பாடத்தின் சொற்களைப் பார்த்துவிட்டுப் போங்கள். இலக்கணத்தை வகுப்பில் புரிந்துகொள்ளலாம். ஆனால் சொல் தெரியாமல் போனால் ஆசிரியர் தரும் எடுத்துக்காட்டே புரியாது. பயிற்சி நூலை அன்றைக்கே முடிக்க வேண்டும். ஒரு நாள் தள்ளினால் மறுநாள் இரண்டு புது இலக்கணம் மேலே வந்து உட்காரும். சொல்லைத் தனியாக எழுதிப் படிக்காமல் பாடநூல் வாக்கியத்தோடு எழுதிப் படிப்பது நல்லது, ஏனென்றால் எந்த உருபோடு வரும் என்பதும் சேர்ந்தே மனத்தில் நிற்கும்.

5ஆம் வாரத்தை ஒட்டி இடைத்தேர்வு, கடைசியில் இறுதித் தேர்வு. பேச்சுத் தேர்வும் உண்டு. பல பள்ளிகளில் 80 சதவீத வருகை இல்லாவிட்டால் மதிப்பெண் இருந்தும் தேர்ச்சி இல்லை. வருகை குறைந்தால் விசா நீட்டிப்பிலும் கேள்வி வரும். மழைக்காலத்தில் படுக்கையை விட்டு எழ மனமில்லாதபோது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

3ஆம் நிலையில் பலர் தடுக்கி விழுவார்கள். அதுவரை கடை, உணவகம், வழி கேட்பது என்று போன பாடம் திடீரென்று செய்திக் கட்டுரை, கருத்து, காரணம் என்று மாறும். சீன எழுத்தை வேராகக் கொண்ட சொற்கள் குவியும். சீன, ஜப்பானிய மாணவர்கள் அவற்றை எளிதாகத் தாண்டிப் போவார்கள். நாம் ஒவ்வொன்றாகக் கற்க வேண்டும். ஒரே அசை திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குடும்பமாகச் சேர்த்து எழுதிவைத்தால் சுமை குறையும். 'பள்ளி', 'மாணவர்', 'பல்கலைக்கழகம்' மூன்றுக்கும் கொரியனில் 'ஹக்' என்ற அசை பொது.

டோபிக் தேர்வை எப்போது எழுதுவது

பள்ளி தரும் நிலை வேறு, டோபிக் என்ற அரசுத் தேர்வின் நிலை வேறு. வேலைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் பெரும்பாலும் கேட்பது டோபிக்தான். முதல் தாள் 200 மதிப்பெண். 80 எடுத்தால் 1ஆம் நிலை, 140 எடுத்தால் 2ஆம் நிலை. இரண்டாம் தாள் 300 மதிப்பெண். 120, 150, 190, 230 என்ற எல்லைகளில் 3 முதல் 6 வரை. முடிவு 2 ஆண்டுக்குச் செல்லும். அதனால் தேவைப்படும் நேரத்துக்கு மிகவும் முன்னதாக எழுதிவைப்பதில் பயனில்லை.

முதல் தாளில் எழுத்துப் பகுதி இல்லை. பள்ளியில் 2ஆம் நிலை முடித்தவர் பழைய வினாத்தாள் சிலவற்றைச் செய்துபார்த்துவிட்டுப் போகலாம். இரண்டாம் தாளில் 54ஆம் கேள்விக்கு 600 முதல் 700 எழுத்து வரை கட்டுரை எழுத வேண்டும், கட்டம் போட்ட தாளில். இடைவெளி விடுவதற்குக்கூட விதி உண்டு. பேச்சை மையமாக வைத்த பள்ளியில் படிப்பவர்கள் இந்த இடத்தில் மதிப்பெண்ணை விட்டுவிடுவார்கள். அவர்கள் 3ஆம் நிலையிலிருந்தே வாரம் ஒரு கட்டுரை எழுதி ஆசிரியரிடம் திருத்தம் கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் மறுப்பதில்லை.

கொரிய அரசின் ஜிகேஎஸ் உதவித்தொகையில் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு ஓராண்டு மொழிப் பயிற்சி சேர்ந்தே வரும். டோபிக் 3ஆம் நிலை எடுத்தால்தான் பட்டப்படிப்புக்குள் போக முடியும். ஏற்கெனவே 5ஆம் நிலை வைத்திருப்பவர் அந்த ஓராண்டு இல்லாமல் நேராகப் பட்டப்படிப்பில் சேரலாம். எந்தப் பள்ளியில் மொழி படிப்பது என்பதை அந்தத் திட்டத்தில் பெரும்பாலும் அவர்களே முடிவு செய்வதால், பாடநூலைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்காது. பள்ளி எது என்று தெரிந்த உடனே அதன் முதல் தொகுதியை வாங்கி, கிளம்பும் முன் முதல் நான்கைந்து பாடங்களை முடித்துவிடுங்கள்.